ஊபர் போனது, கிராப் நின்றது: கட்டணம் ஏறியது எப்படி?

சிங்கப்பூரில் இறங்கி, போனில் ஊபரைத் திறந்தால் வண்டி கிடைக்காது. அங்கே பெரும்பாலானவர்கள் கூப்பிடுவது ‘கிராப்’தான். ஊபர் ஏன் அங்கே இல்லை? அது போனதில் யாருக்கு நஷ்டம்?

கிராப் எப்படி வளர்ந்தது?

2012-ல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தொடங்கியது. ஆண்டனி டான், டான் ஹூய் லிங் என்ற இருவர் ஹார்வர்டில் படித்தபோது உருவான யோசனை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டாக்சிகளையே ஆப்பில் சேர்த்தார்கள். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் அதிகம் என்பதால் ரொக்கமாகவும் கொடுக்கலாம் என்றார்கள். டிராஃபிக் நெரிசல் மிகுந்த நகரங்களில் பைக்கையும் இறக்கினார்கள்.

ஊபர் ஏன் கிளம்பியது?

பயணிக்குத் தள்ளுபடி, ஓட்டுநருக்கு போனஸ் என்று இரண்டு பேரும் பணத்தைக் கொட்டினார்கள். கடைசியில் 2018 மார்ச்சில், உணவு டெலிவரி செய்த ஊபர் ஈட்ஸையும் சேர்த்து, தென்கிழக்கு ஆசியத் தொழிலையே கிராப்பிடம் கொடுத்துவிட்டது ஊபர். பதிலுக்கு கிராப்பில் 27.5% பங்கு கிடைத்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

சிங்கப்பூரின் போட்டி, நுகர்வோர் ஆணையம் விசாரித்தது. தள்ளுபடி போக பயணி கொடுத்த கட்டணம் 10 முதல் 15% வரை ஏறியிருந்தது. சந்தையில் சுமார் 80% கிராப் கையில். டாக்சி நிறுவனங்கள், வாடகை கார் நிறுவனங்கள், சில ஓட்டுநர்கள் வேறு ஆப்புக்குப் போக முடியாதபடி ஒப்பந்தமும் இருந்தது. புதிதாக ஒருவர் வந்தால் வண்டிக்கு எங்கே போவார்?

2018 செப்டம்பரில் இருவருக்கும் சேர்த்து சுமார் 1.3 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம். ஓட்டுநர்கள் எந்த ஆப்பிலும் ஓட்டலாம் என்றும் உத்தரவு. இரண்டே மாதத்தில் இந்தோனேசியாவின் கோஜெக் சிங்கப்பூருக்குள் வந்தது.

இதில் பாடம் என்ன?

ஆணையம் அபராதம் போட்டபோது விற்பனை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊபர் திரும்பி வரவில்லை. அதனால் அடுத்த முறை கேள்வி முன்பே எழுந்தது. 2023-ல் ‘டிரான்ஸ்-கேப்’ டாக்சி நிறுவனத்தை வாங்கப்போவதாக கிராப் அறிவித்தது. இதனால் போட்டி குறையும் என்று 2024 ஜூலையில் ஆணையம் முதற்கட்டமாகச் சொன்னது. கிராப் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.