கேமராவில் பதிவு இருந்தது, பார்க்கத்தான் வழியில்லை

நம் உறுப்பினர்களில் கடைக்குக் கேமரா வைக்காதவர்கள் இன்று குறைவு. ஏதாவது நடந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தைரியமாக இருக்கிறோம். 2024 ஆயுத பூஜை வரை எனக்கும் அந்தத் தைரியம் இருந்தது.

பூஜைக்காகக் கிட்டங்கியைச் சுத்தம் செய்து இருப்புப் பார்த்தபோது, முந்தின வாரம் லாரியில் வந்த சீரகத்தில் 3 மூட்டை குறைந்தது. பில்டியில் 50 மூட்டை. கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். சரக்கு இறங்கிய அன்று சாவி வைத்திருந்தவர், 11 வருடமாக எங்களிடம் மூட்டை இறக்கும் ஒருவர். கோபத்தில் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை.

கேமராப் பெட்டியின் திரை மூன்று மாதமாகப் பழுது. வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டது நான்தான். கேமரா மாட்டியவரைக் கூப்பிட்டு அந்த நாளின் பதிவைப் பென்டிரைவில் வாங்கினேன். கடைக் கம்ப்யூட்டரில் போட்டால் திறக்கவில்லை. அதற்கென்று தனி சாஃப்ட்வேர் உண்டு, கொண்டுவருகிறேன் என்றவர், பண்டிகை நெருக்கடியில் வரவே இல்லை. பெட்டியில் 15 நாள் பதிவுதான் நிற்கும். பழையது அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். நான் இதை உணர்ந்தபோது அந்த நாள் பெட்டியிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது பென்டிரைவ் மட்டும்.

தீபாவளிக்கு என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்தான். சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அவனுக்கு இது ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக் கொடுத்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

"மாமா, கோணி வேற, உள்ள இருக்கிற சரக்கு வேற" என்று ஆரம்பித்தான். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் கோணிதானாம். உள்ளே படத்தைச் சுருக்கி அடைக்கும் முறைக்குத் தனிப் பெயர். 2003இல் வந்தது எச்.264. 2013இல் வந்தது எச்.265, அதே தெளிவுக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். பெட்டிக்கு அது லாபம். ஆனால் எச்.265க்கு உரிமைத் தொகை கேட்க ஒரு கடை இல்லை, பல கடை இருக்கிறது. அதனால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது தானாக ஓடுவதில்லை. விண்டோஸ் 10இல் பெரும்பாலும் சிறு தொகை கொடுத்துத் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

சுருக்குகிற விதத்தை அவன் சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. விநாடிக்கு 15, 25 என்று வரும் படங்களை முழுசாக எழுதினால் எந்த டிஸ்க்கும் தாங்காது. முதலில் ஒரு முழுப் படம். பிறகு அதில் மாறியது மட்டும். நாம் பேரேட்டில் ஆரம்ப இருப்பை எழுதிவிட்டு வரவு பற்று மட்டும் எழுதிக்கொண்டு போகிறோமே, அதேதான். நடுவில் ஒரு வரி கெட்டால் அடுத்த முழுப் படம் வரும் வரை வருவதெல்லாம் தப்பு.

விஎல்சி என்ற இலவச பிளேயரில் போட்டான். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் ஆரம்பித்து, 2001இல் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது அது. சாதாரணமாக எதைக் கொடுத்தாலும் ஓட்டுமாம். எங்கள் பென்டிரைவுக்குச் சாம்பல் பூசினாற்போல் ஒரு கலங்கல்தான் வந்தது. பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி. அதுவும் இலவசம், 2000இல் பிறந்தது. கறுப்புத் திரையில் கட்டளையை நீளமாக அடிக்க வேண்டும். உள்ளே வந்த தகவல் செல்லாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் வந்தது. எது செல்லாது, எந்த இடத்தில் செல்லாது என்று சொல்லாது.

"ஆபீஸ்லயும் தினம் இதே பாடுதான் மாமா. புரோகிராம் எழுதுற நேரத்தைவிட, இதுக்கு என்ன கோபம்னு கண்டுபிடிக்கிற நேரம்தான் அதிகம். நேத்து ஓடின கட்டளை புது வெர்ஷன் போட்டா இன்னைக்கு ஓடாது" என்றான். இவர்களுக்குச் சம்பளம் சும்மா வருகிறது என்று நானும் பலமுறை பேசியிருக்கிறேன்.

இரண்டாம் ராத்திரி விஷயம் வெளிவந்தது. பெட்டி செய்தவர்கள் பேரேட்டில் இத்தனை வரிக்கு ஒன்று என்று தங்கள் துண்டுச் சீட்டைச் செருகியிருக்கிறார்கள். மற்ற பிளேயர்கள் அந்தச் சீட்டையும் கணக்கு வரி என்று நினைத்துக் குழம்புகின்றன. அவர்களுடைய பிளேயர் இருந்தால்தான் படம் வரும். அதைத் தேடிப் போனால், எங்கள் பெட்டிக்கு உரிய பழைய பிளேயரை அவர்கள் எடுத்துவிட்டார்கள். அளவுப்படியை விற்றவன் முத்திரையை ஒளித்துவைத்த கதை.

சீட்டுகளை உருவி எறிய அவனே சிறியதாக ஒரு புரோகிராம் எழுதினான். விடியற்காலை மூன்று மணிக்குப் படம் வந்தது. லாரி, தார்ப்பாய், ஆட்கள் எல்லாம் தெளிவு. ஆனால் எல்லோரும் பழைய ஊமைப் படம் போல ஓட்டமும் நடையுமாக இருந்தார்கள். நேரக் கணக்கு அந்தச் சீட்டில்தான் இருந்ததாம். அது போனதும் கருவி விநாடிக்கு 25 என்று தானே வைத்துக்கொண்டது. எங்கள் கேமரா எடுத்தது 15.

நான் மூட்டைகளை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். இறங்கியது 47. கணக்குப்பிள்ளை பில்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரே தவிர மூட்டையை எண்ணவில்லை. தார்ப்பாயின் கடைசி மடிப்பில் மூன்று மூட்டை அப்படியே இருக்க, லாரி கிளம்பிப் போகிறது. லாரி செட்டில் காட்டினோம். திருநெல்வேலியில் ஒரு கிட்டங்கியில் கணக்கில் இல்லாத மூன்று மூட்டை கிடந்தது தெரிந்தது.

உறுப்பினர்கள் கேமரா மாட்டியவரை இந்த வாரமே கூப்பிட்டு, ஏதாவது பத்து நிமிடப் பதிவை எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிளேயரையும் அதே பென்டிரைவில் வாங்கி வையுங்கள். வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் மூலப் பதிவை அழிக்காதீர்கள். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அவர் வீட்டுக்கு நானே போனேன். இனிப்பை வாங்கி வைத்துக்கொண்டார், முகம் கொடுக்கவில்லை. மருமகன்தான் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏன் மொதலாளி, இவ்வளவு வேகமாவா நான் மூட்டை தூக்குறேன்?" என்றார்.