கொம்பை எப்போது வாசிப்பது?

‘பெயர்’ என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கை முதலில் ஒற்றைக்கொம்பைப் போடும். ப அதற்குப் பிறகுதான். வாய்க்கு இந்த வரிசையெல்லாம் கிடையாது. அது ப்-இல் தொடங்கி எ-வுக்குப் போகும். ஐந்து வயதிலேயே பழகிவிட்டதால் இந்த முரண் நமக்கு உறுத்துவதில்லை.

கண்ணால் படிக்காதவருக்கு எந்த வரிசை? பார்வையற்றவர் இணையத்தைக் காதால் படிக்கிறார். படித்துச் சொல்வது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். கணினியில் பலரும் வைத்திருக்கும் என்விடிஏ இலவசம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் எழுதத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். பெயரில்தான் திரை இருக்கிறது. இவை எடுத்துக் குரலாக்குவது திரையில் தெரியும் உருவத்தை அல்ல, அதன் பின்னால் இருக்கும் எண்களை. யூனிகோடில் ‘பெ’ என்றால் முதலில் ப-வின் எண், அடுத்துக் கொம்பின் எண். வாய் சொல்லும் அதே வரிசை! கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பதெல்லாம் கண்ணுக்காகக் கடைசியில் நடக்கும் அலங்காரம். தமிழ் பிரெய்லியிலும் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது ப, பிறகு எ.

இனி பாமினிக்கு வருவோம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிய பழைய எழுத்துரு அது. அதில் அடித்த ‘பெயர்’ உள்ளுக்குள் என், ஜி, ஏ, யூ, அரைப்புள்ளி. கொம்புதான் அந்த ‘என்’. கண் பார்த்த வரிசையிலேயே முன்னால் நிற்கிறது. விண்ணப்பத்தின் முதல் கட்டமே இப்படி ஒலித்தால், கேட்பவர் அதில் எதை நிரப்புவார்? தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளுக்குத்தான் அரசாணை போய்ச் சேரவில்லை.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் பள்ளிப்பட்டு மாதிரி ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பது இங்கே சாதாரணம். எதிரில் நிற்பவரும் தடுமாற மாட்டார். குரல் மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தமிழ்க் குரலிடம் தெலுங்கு வரியைக் கொடுத்தால் திணறும். ‘இங்கிருந்து தெலுங்கு’ என்று பக்கத்தின் நிரலில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தால், போனில் தெலுங்குக் குரலும் இருந்தால், அந்த வரிக்கு மட்டும் குரல் மாறிக்கொள்ளும். குறிப்பு எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுதுகிறவர்கள்தான் குறைவு.

உங்கள் கையிலிருக்கும் பிடிஎஃப்பைத் திரைவாசிப்பான் சரியாகப் படிக்குமா என்று சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தாலோ ஆங்கில எழுத்துகள் கொட்டினாலோ, திரைவாசிப்பானுக்குக் கிடைப்பதும் அதுதான். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா? அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த வெறும் படம். காதுக்கு அந்தப் பக்கம் காலி.