வட்காவ்: அறுந்துபோன உணவு வழி

தாராவியில், மித்தி ஆற்றின் பக்கம், நெருங்கிய வீடுகளுக்கு நடுவே கறுத்த கற்சுவர் ஒன்று நிற்கிறது. காலா கில்லா, அதாவது கருங்கோட்டை என்பது அதன் பெயர். பேருந்தில் நாள்தோறும் அப்பெயரைக் கேட்கும் நம்மவருள் பலர், யாருக்கு அஞ்சி அது கட்டப்பட்டது என்று எண்ணியிருக்கமாட்டார்கள். கோட்டைக்குரிய ஆண்டு 1737. அதே ஆண்டில்தான் மராத்தியர் போர்த்துக்கீசியரிடமிருந்து சாஷ்டித் தீவைக் கைப்பற்றினர். அதன்பின் சயானும் தாராவியும் எல்லைப்புறமாயின. இக்கரையில் கும்பினியாரின் பம்பாய். அக்கரையில், குர்லாவிலிருந்து தாணே வரை, மராத்தியர் சீமை.

1774 டிசம்பர் இறுதியில் கும்பினிப் படை தாணேக் கோட்டையைப் பிடித்துச் சாஷ்டியையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பதாக நான்கே ஆண்டுகளில் கையெழுத்திட நேர்ந்தது. புனே செல்லும் வழியிலுள்ள வட்காவ் என்னும் சிற்றூரில் நடந்த ஒரு சிறு போரே அதற்குக் காரணம்.

போரின் வேர் ஒரு குடும்பச் சண்டையில் இருந்தது. 1773 ஆகஸ்ட் 30 அன்று இளம் பேஷ்வா நாராயணராவ் புனே அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். சிற்றப்பன் ரகுநாதராவ் பதவியில் அமர்ந்தார். நாராயணராவின் மனைவிக்கு மறு ஆண்டு ஆண் குழந்தை பிறக்கவே, நானா பட்னவீஸ் முதலிய அமைச்சர்கள் அக்குழந்தையைப் பேஷ்வாவாக்கினர். மராத்திய நாடு இரு கட்சியாயிற்று. ரகுநாதராவ் பம்பாய்க் கும்பினியாரின் துணையை நாடினார். இரு உறவினர் வழக்கிட்டால் வந்த நடுவருக்குக் கொண்டாட்டம். கருநாடக நவாபுகள் காலத்திலேயே நம் நாட்டார் கண்ட காட்சிதான் அது.

1778 நவம்பரில் ரகுநாதராவைப் புனேயில் அமர்த்தப் பம்பாயிலிருந்து ஒரு சேனை புறப்பட்டது. வீரர்கள் ஏறத்தாழ 3,900 பேர்; அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஆனால் உடன் சென்ற காளைகளோ 19,000! அரிசியும் வெடிமருந்தும் அதிகாரிகளின் கூடாரங்களும் அவற்றின் முதுகில் சென்றன. இந்தக் கணக்கிலேயே தோல்வி அடங்கியிருந்தது என்பது நம் கருத்து. காளை, சுமையோடு புல்லும் நீரும் கேட்கும். போர்க்காட் கணவாயின் செங்குத்தான வழியிலோ அது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற முடியும். டிசம்பர் 23இல் கணவாயின் உச்சிக்கு வந்த சேனை, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தளேகாவை அடைய ஜனவரி 9 ஆயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சென்னைக்குச் செல்லும் நம் ரயில் லோணாவளாவை விட்டால் அரை மணியளவில் அத்தொலைவைக் கடந்துவிடுகிறது.

மறுபக்கத்தில் மகாதஜி சிந்தியாவும் துகோஜி ஹோல்கரும் நேருக்கு நேர் பெரும்போர் தர அவசரப்படவில்லை. குதிரைப்படையினர் பக்கவாட்டில் தொடர்ந்து வந்து, பின்தங்கிய பொதிகளைத் தாக்கினர். ஜனவரி 4 அன்று கார்லாவில் கேப்டன் ஸ்டூவர்ட் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். பகைவனாயினும் அவர் துணிவை மெச்சிய மராத்தியர் ‘இஷ்டூர் பாக்டே’ என்று பெயரிட்டு நினைவில் வைத்தனர். இதற்கிடையே சில மராத்தியக் குழுக்கள் மலையிறங்கிக் கொங்கணத்தில் புகுந்து, பம்பாயிலிருந்து உணவு வரும் வழியை அறுத்தன. வழியோர ஊர்கள் காலி செய்யப்பட்டன. தானியமும் வைக்கோலும் தீக்கிரையாயின. தளேகாவ் சேர்ந்தபோது கும்பினியார் கண்டது எரிந்துபோன ஊர்தான். தேவையானால் புனேயையே கொளுத்தவும் ஏற்பாடு இருந்ததென அறிந்தனர். மண்ணுக்குரிய உழவரே இதில் பெரிய விலை கொடுத்தவர் என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சேனையிடம் இன்னும் பதினெட்டு நாள் உணவு இருந்தது. புனேயும் பதினெட்டு மைல் தொலைவில்தான். எனினும் முன்னே சாம்பல், பின்னே மூடிய வழி. தலைவர்களின் மனம் உடைந்தது. ஜனவரி 11 இரவு கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, சேமிப்புகளைக் கொளுத்திவிட்டு, ஓசையின்றித் திரும்பத் தொடங்கினர். ஓசையா மறையும்? விடியுமுன்பே மராத்தியர் சூழ்ந்துகொண்டனர். மூட்டை முடிச்சுகள் பறிபோயின. கேப்டன் ஹார்ட்லியின் கீழ்ப் பின்காவலில் நின்ற சிப்பாய்கள் அடுத்தடுத்து வந்த தாக்குதல்களைத் தாங்கினர். அவர்கள் நிலைகுலைந்திருந்தால் சேனை அன்றே அழிந்திருக்கும். ஒருவாறு வட்காவுக்குள் புகுந்தவர்களை மறுநாள் பீரங்கிகள் வளைத்தன. சில நாட்களில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று: 1773க்குப் பின் பெற்ற நிலமெல்லாம், சாஷ்டி உட்பட, மராத்தியருக்கே.

குளத்தில் பீரங்கி தள்ளிய செய்தி காஞ்சிபுரத்தாருக்குப் புதிதன்று. கும்பினியை எதிர்த்து ஹைதர் அலியும் மராத்தியரும் கைகோத்த பின்னர், 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. உணவின்றித் தவித்த தளபதி மன்றோவும் காஞ்சிக் குளத்தில் பெரும் பீரங்கிகளை எறிந்துவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார்.

வட்காவ் உடன்படிக்கையைக் கல்கத்தாவிலிருந்த மேலாட்சி ஏற்க மறுத்தது. எகர்ட்டன், காக்பர்ன், கார்னக் ஆகிய மூவரும் கும்பினிப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். போர் மேலும் மூன்றாண்டு நீண்டு, 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கையில் முடிந்தது. சாஷ்டி கும்பினியாரிடமே தங்கியது. எல்லைக் கோட்டையாயிருந்த காலா கில்லாவுக்கு வேலையில்லாது போயிற்று. யாருக்காக இத்தனையும் தொடங்கியதோ அந்த ரகுநாதராவ், உதவித்தொகை பெற்றுக் கோதாவரிக் கரையிலுள்ள கோபர்காவில் ஒதுங்கி, 1783இல் காலமானார்.