வரைகதைக் காப்பகக் கோப்பு

வரைகதைக் காப்பகக் கோப்பு என்பது ஒரு வரைகதை இதழின் பக்கங்களைப் படிமங்களாக உள்ளடக்கிய ஒற்றைக் கணினிக் கோப்பு ஆகும். சி.பி.இசட், சி.பி.ஆர் ஆகியன இதன் பரவலான வடிவங்கள். சிடிஸ்பிளே என்னும் விண்டோஸ் மென்பொருளின் வழியாக இவ்வடிவங்கள் புழக்கத்துக்கு வந்தன. கணினி, கைக்கணினி, செல்பேசி, மின்னூல் படிப்பான் ஆகியவற்றில் ஒரே தொகுப்பைப் படிக்க இவை பயன்படுகின்றன.

அமைப்பு

ஜேபெக், பி.என்.ஜி போன்ற படிமங்களை ஜிப் முறையில் ஒன்றாகக் கட்டி, கோப்பின் பின்னொட்டை மாற்றினால் சி.பி.இசட் கிடைக்கும். ரார் முறையில் கட்டப்பட்டது சி.பி.ஆர் ஆகும். 7-ஜிப், டார் முறைகளில் கட்டப்பட்டவை முறையே சி.பி.7, சி.பி.டி எனப்படும். ஜேபெக் படிமங்கள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை என்பதால், மீண்டும் கட்டுவதால் அளவு அதிகம் குறையாது. ஒரு பக்கம் 1 மெகாபைட் எனில், 32 பக்க இதழ் ஏறத்தாழ 32 மெகாபைட் ஆகும்.

ரார் கோப்பை உருவாக்கும் நுட்பம் தனியுரிமை சார்ந்தது. ஆதலால் நெடுநாள் சேமிப்புக்கு சி.பி.இசட் ஏற்றது. சி.பி.ஆர் கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றுவது மாற்றம் ஆகாது; அதை அவிழ்த்து, ஜிப் முறையில் மீண்டும் கட்ட வேண்டும். இதனால் படிமத்தின் தரம் குறையாது.

பக்க வரிசை

மென்பொருள்கள் பொதுவாகப் படிமங்களின் பெயரைக் கொண்டே பக்கங்களை வரிசைப்படுத்துகின்றன. 1, 2, 10 எனப் பெயரிட்டால், எழுத்து வரிசையைப் பின்பற்றும் மென்பொருள் 1, 10, 2 எனக் காட்டும். எண்மதிப்பை உணரும் மென்பொருள்கள் இருப்பினும், 001, 002, 010 என எழுதுவதே எல்லாக் கருவிகளிலும் சரியாக அமையும். தொடர்களின் இதழ் எண்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஜிப் வரையறையில் ஒருங்குறிப் பெயர்களுக்கான வழி 2006 இல் சேர்க்கப்பட்டது. அதனைப் பின்பற்றாத பழைய மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தோன்றலாம். மேலும், "கொ" என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலும் தனித்தனியான இரு குறியீடுகளாகவோ எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. மாக் கணினிகளின் பழைய எச்.எப்.எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து வேறு கருவிக்கு மாற்றப்பட்ட கோப்பு, தேடலில் அகப்படாமல் போகக்கூடும். காப்பகத்தினுள் உள்ள படிமங்களுக்கு எண்களை மட்டும் பெயராக இடுவது பாதுகாப்பானது.

மேனிலைத் தரவு

தொடரின் பெயர், இதழ் எண், எழுத்தாளர், ஓவியர், வெளியான ஆண்டு முதலிய விவரங்களை காமிக்இன்போ.எக்ஸ்.எம்.எல் என்னும் கோப்பாகக் காப்பகத்தினுள்ளேயே வைக்கலாம். காமிக்ராக் என்னும் விண்டோஸ் மென்பொருளில் தோன்றிய இம்முறையை கோம்கா, காவிட்டா முதலிய வழங்கி மென்பொருள்களும் ஏற்கின்றன. சப்பானிய மங்காவுக்குரிய வலமிருந்து இடமாகப் படிக்கும் திசையையும் இதில் குறிக்கலாம்.

கருவிகள்

* கணினி: லினக்ஸில் ஆக்குலர், எவின்ஸ் ஆகியன வரைகதைக் காப்பகங்களைத் திறக்கும். ஒய்.ஏ.சி.ரீடர் லினக்ஸ், விண்டோஸ், மாக் ஆகியவற்றில் இயங்கும்.
* மின்னூல் படிப்பான்: கோபோ கருவிகள் சி.பி.இசட், சி.பி.ஆர் இரண்டையும் நேரடியாகத் திறக்கும். கின்டில் கருவிகளுக்கு, கின்டில் காமிக் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் மாற்ற வேண்டும்.
* செல்பேசி: முழுப்பக்கம் காட்டினால் எழுத்து மிகச் சிறிதாகும், அகலத்துக்குப் பொருத்திக் கீழே நகர்த்திப் படிப்பது எளிது.

படித்து நிறுத்திய பக்கம் பொதுவாகக் காப்பகக் கோப்பில் பதிவாவதில்லை. அது படிக்கும் மென்பொருளிலேயே இருக்கும். கோப்பை வேறு கருவிக்குப் படியெடுத்தால் அக்குறிப்பு உடன் வராது. வீட்டுக் கணினியில் கோம்கா போன்ற வழங்கியை நிறுவி, எல்லாக் கருவிகளிலிருந்தும் அதன் வழியாகவே படித்தால் இக்குறை நீங்கும்.

தொகுப்பின் ஆயுள்

2007 இல் நிறுவப்பட்ட காமிக்சாலஜி என்னும் மின்வரைகதை விற்பனைச் சேவையை 2014 இல் அமேசான் வாங்கியது. அதன் தனிச் செயலி 2023 இல் கின்டில் செயலியுடன் இணைக்கப்பட்டது. வாங்கிய நூலைக் கணினியில் பதிவிறக்கி, யூ.எஸ்.பி வழியாகக் கின்டிலுக்கு மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. இத்தகைய சேவைகளில், தொகுப்பை எவ்வாறு அடுக்குவது, எதில் படிப்பது என்பவற்றை விற்பனையாளரே முடிவு செய்கின்றார்.

பூட்டப்படாத காப்பகக் கோப்புக்கு இக்கட்டுப்பாடு இல்லை. படிக்கும் மென்பொருள் மறைந்தாலும், ஜிப்பை அவிழ்க்கும் எந்தக் கணினியிலும் பக்கங்களைக் காணலாம். எனினும் வன்தட்டு பழுதானால் தொகுப்பு முழுவதும் அழியும். ஆகவே வேறோர் இடத்தில் மற்றொரு படி வைத்திருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* வரைகதை
* மின்னூல்
* ஒருங்குறி