கட்டற்ற எழுதுகருவி

எழுதுவோர்க்கு இன்றியமையாதன இரண்டு. ஒன்று, சொல்லத்தக்க பொருள். மற்றொன்று, சொல்லியதைக் காத்து வைக்கும் கருவி. பண்டைப் புலவர்க்கு ஓலையும் எழுத்தாணியும் அக்கருவியாய் அமைந்தன. இன்று ஆய்வேடு எழுதுவோர்க்குக் கணினியும் அதன்கண் இயங்கும் மென்பொருளும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. ஓலையைச் செல் அரிக்கும். கணினிக் கோப்பினைச் செல் அரிப்பதில்லை. ஆயினும் அதற்கும் ஒரு கேடு உண்டு. அஃது யாது என்பதை என் பட்டறிவு கொண்டே விளக்குவேன்.

பல ஆண்டுகட்கு முன்னர் யான் இலக்கண உரை ஒன்றைக் கணினியில் எழுதுவித்தேன். அந்நாளில் எழுத்துருச் செய்தோர் பலரும் தமிழெழுத்துகளுக்குத் தத்தமக்கெனக் குறியீடு வகுத்திருந்தனர். என் உரை அத்தகைய எழுத்துரு ஒன்றில், விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளில் அமைந்தது. காலப்போக்கில் அவ்விரண்டும் வழக்கொழிந்தன. புதிய கணினியில் கோப்பினைத் திறந்தபோது தமிழெழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. பொருளற்ற குறிகளே நிரம்பியிருந்தன. அச்சுப்படியைப் பார்த்து இருநூறு பக்கங்களையும் மீண்டும் எழுத நேர்ந்தது. பழைய ஓலை கிடைப்பின், எழுத்தறிந்தார் எவரும் அதனை முயன்று படிக்கலாம். என் கோப்போ அழியாதிருந்தும் படிக்க இயலாததாயிற்று.

இக்கேட்டினைத் தவிர்க்கும் வழிகள் இரண்டு. முதலாவது ஒருங்குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண்ணை வழங்கும் முறை இது. 1991இல் வெளிவந்த இதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இரண்டாவது, திறந்த ஆவண வடிவம். 2006இல் இஃது உலகத்தரமாக ஏற்கப்பட்டது. இதன் அமைப்பு முழுவதும் யாவரும் அறிய எழுதப்பட்டுள்ளது. ஆதலின், ஒரு மென்பொருள் மறைந்தாலும், அவ்வடிவினைப் படிக்கும் வேறொன்றை எவரும் ஆக்கிக்கொள்ளலாம்.

இவ்விரண்டையும் தழுவியது லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் தொகுதி. இதன் வரலாறு அறியத்தக்கது. ஜெர்மானிய நாட்டில் தோன்றிய ஸ்டார் ஆபீஸ் என்பதனை 1999இல் சன் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை உலகோர்க்குத் திறந்து வைத்தது. அதுவே ஓப்பன் ஆபீஸ் எனப் பெயர் பெற்றது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அவ்வாண்டே ஆர்வலர் பலர் கூடி அந்நிரலைக் கொண்டு லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். உடையவர் மாறினும் உழைப்பு வீணாகவில்லை. நிரல் கட்டற்றதாய் இருந்தமையே அதற்குக் காரணம். கட்டற்றது என்பது விலையில்லாதது என்று மட்டும் பொருள்படாது. பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையது என்பதே அதன் பொருள்.

ஆய்வேடு எழுதுவோர்க்கு இதனால் விளையும் நன்மைகள் பல. இயல் தலைப்புகளைத் தலைப்புப் பாணியில் அமைத்துவிட்டால், பொருளடக்கத்தை மென்பொருளே தொகுத்துத் தரும். திருத்தங்களுக்குப் பின் அதனைப் புதுப்பித்தல் ஒரு நொடிப் பணியே. இடையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தால், பின்வரும் எண்கள் தாமே மாறும். கையால் எண்ணிட்டு இடர்ப்பட்டோர்க்கே இதன் அருமை புலப்படும்.

குறையே இல்லையோ எனின், உண்டு. பிற மென்பொருளில் அமைந்த கோப்பினை இதில் திறக்கும்போது பக்க அமைப்புச் சிறிது பிறழக்கூடும். பழகிய கை புதிய கருவியில் சில நாள் தடுமாறவும் கூடும். ஆதலின், ஆய்வேடு முடியும் தறுவாயில் கருவியை மாற்றுதல் அறிவுடைமை ஆகாது. சிறு கட்டுரைகளில் முதலில் பழகுதல் வேண்டும். மூலப்படியைத் திறந்த வடிவில் காத்து, பல்கலைக்கழகம் கேட்கும் வடிவில் ஒரு படி எடுத்துத் தருதல் சாலச் சிறந்தது.

மாணவர்களே! நீங்கள் இன்று எழுதும் கட்டுரையை நாற்பது ஆண்டுகட்குப் பின் ஒருவர் தேடக்கூடும். அவர் கையில் எக்கருவி இருக்கும் என்பதை நாம் அறியோம். எனினும், எக்கருவியாலும் படிக்கத்தக்கதாய் அதனை இன்றே எழுதி வைத்தல் நம் கையில் உள்ளது.