தொப்பூர்க் கணவாயும் தொண்டர் கடனும்

அகழ்ப்போரின்போது (கி.பி. 627) மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையார், இறைவனிடம் மட்டுமே கூலி வேண்டியவர். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய்க்கும் அத்தகையோர் தேவை. அவ்விறக்கத்தில் வேகம் கட்டுப்படாத லாரிகள் முன்செல்லும் ஊர்திகள்மீது மோதுகின்றன. 2024 சனவரியில் தீயும் பற்றியது.

தீயணைப்பு வண்டியும், 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற 108 ஆம்புலன்சும் வந்தடையுமுன் கைகொடுக்க வல்லோர் அவ்வழிச் செல்வோரே. அவர்களைத் தயங்கச் செய்தது குருதியன்று. காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேருமே என்னும் அச்சம். அது வீண் அச்சமுமன்று. 2016இல் உச்சநீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பெற்றது. காயமுற்றவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் பெயரைக் கூறாமலே திரும்பலாம். இதனை நம் மாணவரிற் பலர் அறியார்.