கருவாட்டின் மஞ்சள் ஓரம்

திருவொற்றியூர் மார்க்கெட்டில் நான் கையில் எடுத்த மத்திக் கருவாட்டை, விற்கிற ஆயாவே பிடுங்கிக் கூடைக்குப் பின்னால் போட்டார். "அத்த எடுக்காத கண்ணு, சிக்கு வந்துட்ச்சி." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புழு இல்லை, பூஞ்சை இல்லை, உப்பு பூத்து நன்றாகத்தான் காய்ந்திருந்தது. அவர் அதன் வயிற்றுப் பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தோலுக்கு அடியில் துருவேறிய தகரம் போல ஒரு மஞ்சள் ஓரம். மோந்து பார்த்தால் கழுவாமல் விட்ட எண்ணெய்ச் சட்டியின் வாடை. "உப்பு போட்டா புழு அண்டாது. உள்ள கீற எண்ணெய உப்பு இன்னா பண்ணும்?"

சரியான கேள்வி. உப்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரமில்லாமல் பாக்டீரியா பெருகாது. ஆனால் மத்தியின் எண்ணெயைக் கெடுப்பது உயிருள்ள எதுவும் அல்ல. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். காயவைக்கிற வெயிலும், போடுகிற உப்பும்கூட அதற்குத்தான் துணைபோகின்றன. எண்ணெய் இப்படிக் காறிப்போவதற்கு வேதியியலில் லிப்பிட் பெராக்சிடேஷன் என்று பெயர். கருவாட்டுக் கூடையில் நடப்பதைப் போலவே இது நம் மூளையிலும் ஈரலிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் சங்கிலி வளையும். மீனெண்ணெய்க்குப் பேர் வாங்கித் தந்த டிஎச்ஏ என்ற அமிலத்தில் 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிய கார்பன் தன் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்திருக்காது. தொட்டால் கழன்று வரும். நல்லெண்ணெயில் உள்ள லினோலியிக் அமிலத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான். டிஎச்ஏவில் ஐந்து.

ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் ஃப்ரீ ரேடிக்கல் ஒன்று வந்து அந்த ஹைட்ரஜனைப் பறித்தால் போதும். பறிகொடுத்த கார்பன்மேல் ஆக்சிஜன் வந்து உட்காரும். இப்போது அந்தக் கொழுப்பே ரேடிக்கல் ஆகி, பக்கத்துக் கொழுப்பிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். அது அடுத்ததிடம். குப்பத்தில் ஓலைக் குடிசைகள் நெருங்கி நின்ற காலத்தில் வடசென்னைக்காரர்கள் பார்த்த தீ விபத்து இப்படித்தான் பரவும்: ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு. முதல் பொறியை யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் பொருளை உடல் ஏன் தன் செல்களின் உறையிலேயே வைத்துக் கட்டியிருக்கிறது? செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வின் கனம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தாளின் கனத்துக்கு 20,000 சவ்வுகளை அடுக்கலாம். அந்தச் சவ்வு கெட்டிப்பட்டுவிட்டால் செல்லுக்கு வேலை ஓடாது. எண்ணெய் போல நெகிழ்ந்தே இருக்க வேண்டும். வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடைவதில்லை என்பதால்தான் நெகிழ்வு கிடைக்கிறது. கண்ணின் விழித்திரையிலும் மூளையிலும் டிஎச்ஏ நிறைந்திருப்பது அதனால்தான். நெகிழ்வைத் தரும் அதே வளைவுதான் ஆக்சிஜனுக்கும் வழிவிடுகிறது. ஒன்றை விட்டு மற்றதை வாங்க முடியாது.

எனவே உயிரோடு இருப்பதென்றால் இந்தத் தீயை அணைத்துக்கொண்டே இருப்பது. வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே தங்கியிருந்து, தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. செலினியத்தைத் தாங்கிய ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி, ஏற்கெனவே பெராக்சைடாகிப்போன கொழுப்பைத் தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றுகிறது. இவை தோற்கும் இடத்தில் கொழுப்பு உடைந்து மலோண்டியால்டிஹைடு போன்ற துண்டுகள் கிளம்பி, புரதங்களிலும் டிஎன்ஏவிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல் துகள் இப்படிக் காறிப்போனால், ரத்தக் குழாய்ச் சுவரில் காத்திருக்கும் வெள்ளணுக்கள் அதை அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பு நுரைத்த செல்களாக ஊதி அங்கேயே தங்கிவிடுகின்றன. மாரடைப்புக்கு வழிவிடும் படிவு அங்கேதான் தொடங்குகிறது. இரும்பின் துணையோடு சவ்வு முழுக்கக் காறி செல் செத்துப்போவதற்கு, 2012-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பக்கவாதத்திலும் சிறுநீரகச் சேதத்திலும் இதன் பங்கைத் தேடி இன்று உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. அப்படியென்றால் வைட்டமின் ஈ மாத்திரையை விழுங்கினால் போதுமே என்று தோன்றும். பெரிய அளவில் சோதித்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், அதை விழுங்கிய ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

இனி எங்கள் பக்கத்துக் கதை. திருவொற்றியூருக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் மடவை மீன் உண்டு. அது சேற்றை வாயில் அள்ளி, தின்னக்கூடியதைச் சலித்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். சேற்றில் என்ன இருக்கிறதோ அது மடவைக்குள்ளும் போகும். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல பத்தாண்டுகளாகப் படிந்திருக்கின்றன.

பிராட்வே பக்கம் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் பத்மினியும் அவருடைய குழுவினரும் இந்த மடவையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எண்ணூர் மடவையையும், சென்னைக்குத் தெற்கே மாசு குறைந்த கோவளம் முகத்துவாரத்து மடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே இனம், ஒரே வங்கக் கடல். எண்ணூர் மீனின் ஈரல் செல்களில் கொழுப்புப் பெராக்சைடுகள் கூடுதல். அவற்றை அணைக்கும் திறன் குறைவு. நெருக்கடியில் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் எச்எஸ்பி70 என்ற புரதத்தை அந்தச் செல்கள் அதிகமாகச் செய்துகொண்டிருந்தன. அதாவது மீன் சும்மா இருக்கவில்லை, போராடிக்கொண்டிருந்தது. 2009-இல் வெளியான அந்தக் கட்டுரையை வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கொழுப்பு இப்படிக் காறுவதை அளக்கப் பரவலாகக் கையாளும் முறை எளிமையானது. ஈரல் கரைசலோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். மலோண்டியால்டிஹைடு இருந்தால் குழாய் ரோஜா நிறமாகும். காறல் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். கருவாட்டின் தரம் பார்க்கவும் இதே சோதனைதான்.

அந்த ஆய்வுக்குப் பிறகு 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எங்கள் கரை முழுக்கக் கறுப்பு எண்ணெய் ஒதுங்கியது. பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்குள்ளேயே இறங்கியது. எண்ணெயின் நச்சுகளை மீனின் ஈரல்தான் உடைத்து வெளியேற்றியாக வேண்டும். அப்படி உடைக்கும்போதே புதிய ரேடிக்கல்கள் பிறக்கின்றன.

மார்க்கெட்டில் மடவை வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், விரலால் அழுத்திப் பார்க்கிறோம். மீன் அரிகிற அக்கா வயிற்றைக் கீறி, குடலோடு ஈரலையும் வழித்துப் பூனைக்கு வீசுகிறார். விரல்நுனி அளவு, பழுப்பு நிறம். எண்ணூர் மடவையானாலும் கோவளத்து மடவையானாலும் என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.